தொட்டிச் செடி கேட்பது தண்ணீரா, காற்றா?

வீட்டுத் தொட்டியில் ஒரு செடி வாடி நின்றால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுகிறோம். மறுநாளும் தலை நிமிரவில்லையா, இன்னொரு செம்பு. மூன்றாம் நாள் ஒரு கைப்பிடி உரம். நோய் இன்னதென்று பாராமலே மருந்து கொடுக்கும் இந்த வழக்கத்தால்தான் வீட்டுச் செடிகள் பல மடிகின்றன என்பது என் கருத்து.

மாணவர்களே, வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கிடையே உள்ள சந்துகளில் தங்கியிருக்கும் காற்றிலிருந்து அது ஆக்ஸிஜனைப் பெறுகிறது. அச்சந்துகளை நீர் நிரப்பிவிட்டால், ஆக்ஸிஜன் நீரினூடே பரவித்தான் வேரை அடைய வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது! மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சும் திறனை இழந்து, நாளடைவில் அழுகுகிறது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, மேலே இலை தாகத்தால் துவள்கிறது. அதைக் கண்டு இரங்கி நாம் மேலும் ஊற்றுகிறோம்.

"அடியில்தான் துளை இருக்கிறதே, மிகுதி நீர் வடிந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நன்றாக ஊறவைத்து, பிழியாமல், படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் நீர் சொட்டும்! ஸ்பாஞ்சு அதேதான், அதன் உயரம் மட்டுமே மாறியது. நுண்புழை விசை அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை நீரைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேலுள்ள நீரைத்தான் புவியீர்ப்பு வடிக்க முடிகிறது. தொட்டி மண்ணும் இப்படியே. துளை எவ்வளவு பெரிதானாலும் அடியில் ஓர் ஈர அடுக்கு நின்றே தீரும். ஆழமில்லாத தொட்டியில் மண்ணின் பெரும்பகுதி அந்த அடுக்காகவே போய்விடும். களிமண்ணானால் கேட்கவே வேண்டாம்.

வடிகாலுக்கென்று அடியில் நாலு விரல் உயரம் கூழாங்கல் பரப்புகிறார்களே, அது உதவி செய்வதாகத் தோன்றும் கெடுதல். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய சந்துகளுள்ள கல்லடுக்குக்குள் நீர் எளிதில் இறங்காது. ஈர அடுக்கு கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இன்னும் அருகில். துளை வழியே மண் ஒழுகாதிருக்க ஓர் ஓட்டுச்சில் போதும். பருமணலைத் தாராளமாக மண் முழுவதிலும் கலப்பதே பயன் தரும்.

மணி பிளாண்ட் மட்டும் வெறும் தண்ணீர்ப் புட்டியில் வாழ்கிறதே என்று யாராவது மடக்கக்கூடும். நல்ல கேள்விதான். தண்ணீரிலேயே முளைத்த வேர்கள் அதற்கேற்ற அமைப்புடன் வளர்ந்தவை. மேலும், நனைந்து கிடக்கும் மண்ணிலோ எண்ணற்ற நுண்ணுயிர்கள் இருக்கிற கொஞ்சம் ஆக்ஸிஜனுக்கும் போட்டியிடுகின்றன.

ஆகவே, செம்பை எடுக்குமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் தாகம், ஈரமாயிருந்தும் இலை துவண்டால் வேரில் கோளாறு. இதைவிடச் சிறந்த கருவி தராசு. தண்ணீர் ஊற்றி, வடிந்தபின் தொட்டியை எடை போடுங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். சில நாள் பழகினால் தூக்கிப் பார்த்தே கை சொல்லிவிடும். பள்ளிகளில் கிழமை வாரியாக முறை போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தொட்டியைத் தூக்கிப் பார்க்க முறை போட்டால் எவ்வளவோ நல்லது! செடிக்குக் கிழமை தெரியாது.

அறைக்குள் வைத்த செடிக்கு இன்னொரு தொல்லை, ஒளி. நண்பகல் வெட்டவெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி இருக்கும். ஜன்னலை விட்டுத் தள்ளிய அறை மூலையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. கணுவுக்குக் கணு நீண்டு, வெளிறி, ஜன்னல் பக்கம் சாய்ந்தால் அது ஒளிப் பசி. இருட்டிலுள்ள செடி நீரையும் குறைவாகவே குடிக்கும்.

வேர்க் கோளாறு என்று ஐயம் எழுந்தால், தயங்காமல் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டிச் செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். உறுதியான, வெளிறிய வேர்கள் நலமானவை. பழுப்பாகி, கொழகொழத்து, நாற்றமடிப்பவற்றைக் கத்தரித்துவிட்டு, அதற்கேற்ப இலைகளையும் குறைத்து, புதிய மணற்பாங்கான மண்ணில், வேருக்குக் கணக்கான சிறு தொட்டியில் நட்டு, வெளிச்சமான நிழலில் வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரத்தைக் காட்டவே வேண்டாம். மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகுந்தால், சவ்வூடு பரவலின்படி வேர் நீரை எடுப்பது மேலும் கடினமாகும். தண்டின் அடியே கூழாகிவிட்டிருந்தால் வேரைக் காப்பாற்றும் முயற்சியை விட்டுவிட்டு, மேலே பச்சையாயுள்ள பகுதியில் கணுவோடு ஒரு துண்டை வெட்டி ஊன்றுங்கள். மணி பிளாண்ட், செம்பருத்தி, குரோட்டன்ஸ் எல்லாம் அப்படி வேர்விடக்கூடியவை.