எத்தனை சப்மரினைத் தாட்டது என்று கேட்ட மகனுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

கடந்த வாரம் உயர் வகுப்பொன்றில் இரண்டாம் உலக யுத்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஹிட்லர், சேர்ச்சில், ஹிரோஷிமா என்று பாடம் வழமைபோல் ஓடியது. பிள்ளைகளுக்குக் கொட்டாவி. சரி, வேறு ஏதாவது காட்டுவோம் என்று கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகத்தில் நிற்கும் 'சாக்வில்' என்ற சிறிய போர்க்கப்பலின் படத்தைத் தொலைபேசியில் காட்டினோம். கடைசி வாங்கிலிருந்து ஒரு மகன் கேட்டார், "சேர், இது எத்தன சப்மரினத் தாட்டிருக்கு?" ஒன்றையும் தாட்டதாக உறுதியில்லை என்றோம். "அப்ப என்னத்துக்கு சேர் இன்னும் வெச்சிருக்காங்க?" வகுப்பே சிரித்தது. மணியும் அடித்துவிட்டது.

நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் சொல்ல முடியாத பதில் அது. மகனுக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும் தேவையான பதில் என்று பட்டதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். போர்க்கப்பலைப் புகழ்ந்து எழுதும் ஆசை நமக்கு இல்லை. முப்பது வருட யுத்தத்தைக் கண்ட கிழக்கு மாகாணத்துக்காரர் எவருக்கும் அந்த ஆசை வராது. ஆனால் 'கொன்வோய்' என்ற சொல்லை நமக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. தனியாகப் போனால் ஆபத்து, சேர்ந்து போனால் பாதுகாப்பு, முன்னும் பின்னும் காவல் வண்டி. அந்த நாட்களில் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு அது தெரியும். இதையே வடஅத்திலாந்திக் கடலில், ஆறு வருடமாக, நாற்பது ஐம்பது வணிகக் கப்பல்களை ஒன்றாகச் சேர்த்துச் செய்தார்கள். அந்தக் காவல் வண்டிகளில் ஒன்றுதான் சாக்வில்.

பிரித்தானியா ஒரு தீவு. கோதுமை, இறைச்சி, எண்ணெய் எல்லாம் கடல் வழியாக வரவேண்டும். ஜேர்மனியின் நீர்மூழ்கிகள் அந்த வழியை அறுத்துவிட்டால் துப்பாக்கி இல்லாமலே யுத்தம் முடிந்துவிடும். 1939இல் யுத்தம் தொடங்கியபோது கனடாவின் கடற்படையிடம் இருந்தவை 6 டிஸ்ட்ரோயர்களும் சில சிறிய கப்பல்களும்தான். யுத்தம் முடியும்போது சுமார் 400 கப்பல்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களில் பலர் அதற்கு முன் கடலையே கண்டிராத, கோதுமை விளையும் உள்நாட்டு மாகாணங்களின் பையன்கள்.

தொழில் தெரிந்த கப்பல் கட்டுமிடங்கள் குறைவு, நேரமும் இல்லை. அதனால் திமிங்கில வேட்டைப் படகின் வடிவத்தை எடுத்து 'கொர்வெட்' என்ற மலிவான சின்னக் கப்பலைக் கட்டினார்கள். பிரித்தானியர் அவற்றுக்குப் பூக்களின் பெயரை வைத்தார்கள். கனடாக்காரர் தங்கள் ஊர்களின் பெயரை வைத்தார்கள். சாக்வில் என்பது நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் உள்ள ஒரு சிறிய ஊர். ஊர்ப் பெயர் தாங்கிய கப்பல்களுக்கு அந்தந்த ஊர்ப் பெண்கள் கம்பளிக் காலுறையும் மேலுடையும் பின்னி அனுப்பினார்கள். நம் ஊரின் பெயரில் ஒரு கப்பல் ஓடினால் நம் தாய்மார் என்ன செய்து அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் இளகுகிறது.

கப்பலின் நீளம் 62 மீற்றர் அளவு. ஒரே ஒரு 4 அங்குலப் பீரங்கி. பின்புறத்தில் தண்ணீருக்குள் வெடிக்கும் ஆழவெடிகள். வேகம் மணிக்கு 16 கடல் மைல். இதில் வேடிக்கை என்னவென்றால், அது துரத்தவேண்டிய நீர்மூழ்கி தண்ணீரின் மேல் வந்து ஓடினால் அதைவிட வேகமாக ஓடும். கள்வனைப் பிடிக்க அவனைவிட மெதுவான சைக்கிளைக் கொடுத்து அனுப்பிய மாதிரி. ஈரப் புல்லில் விட்டாலும் உருளும் என்று மாலுமிகளே இந்தக் கப்பலைக் கேலி செய்வார்களாம். படுக்கை நனைந்திருக்கும், உடுப்புக் காயாது, சில நாட்களில் பாண் பூஞ்சணம் பிடித்துவிடும், பிறகு கரை சேரும்வரை பிஸ்கட்டும் டின் இறைச்சியும்தான். அளவுக்கு மிஞ்சிய ஆட்கள் அதற்குள் இருந்தார்கள். குளிர்காலத்தில் கப்பலின் மேல் உறையும் ஐஸை மரச் சுத்தியலாலும் கோடரியாலும் உடைக்கவேண்டும். இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் கப்பல் கவிழும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் கடல் முழுவதும் கூடவே போகவேண்டும்? இதற்குப் பதில் 'சிற்றி ஒப் பெனாரஸ்' என்ற பயணிகள் கப்பல். 1940 செப்டெம்பரில், குண்டு வீச்சிலிருந்து காப்பாற்றுவதற்காக 90 பிரித்தானியச் சிறுவர்களைக் கனடாவுக்கு அதில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் காவல் கப்பல்கள் பாதி வழியோடு திரும்பிவிடும், முழுத் தூரமும் போக ஆள் பலம் இல்லை. 17ஆம் திகதி காவல் கப்பல் பிரிந்து போனது. அன்றிரவே டோர்பிடோ தாக்கியது. 90 பிள்ளைகளில் 77 பேர் மரணித்தார்கள்.

இந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்பவர்கள் பலர். அவர்களில் சிலர் விரைவாகக் கடந்து போகும் ஓர் இடம் உண்டு. அந்தக் கப்பலின் ஊழியர்களில் பெரும்பாலானோர் பிரித்தானிய இந்தியாவிலிருந்து போன 'லஸ்கர்' மாலுமிகள். அவர்களில் அதிகமானோர் முஸ்லிம்கள். ஒரு உயிர்காப்புப் படகில் 46 பேர் எட்டு நாட்கள் கடலில் மிதந்து தப்பினார்கள், அவர்களில் 6 பேர் சிறுவர்கள், 32 பேர் லஸ்கர்கள். சில்ஹெட், சிட்டகொங், பம்பாய் என்று புறப்பட்டுப் போன இந்த மனிதர்கள் கப்பலின் அடித்தட்டில், கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடும் இடத்தில் நின்றார்கள். டோர்பிடோ முதலில் பிளப்பது அந்த இடத்தைத்தான். வெள்ளை மாலுமிகளை விட மிகக் குறைந்த சம்பளம். 1939இல் யுத்தம் தொடங்கியவுடனேயே சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்த லஸ்கர்கள் பலர் சிறைக்கும் போனார்கள். வரலாறு கற்பிக்கும் நமக்கே இது ஆசிரியர் கலாசாலையில் யாரும் சொல்லித்தந்த விஷயமல்ல, பின்னால் தேடித் தெரிந்துகொண்டது.

1941 மே மாத முடிவில்தான் நியூபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு, கடலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை முழுத் தூரமும் காவல் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அதில் பெரும் பங்கு கனடாவின் கொர்வெட்களுடையது. அதே மாதம் நீரில் இறக்கப்பட்ட சாக்வில், டிசம்பர் 30இல் கடற்படையில் சேர்ந்தது.

அதன் பெரிய நாள் 1942 ஓகஸ்ட் 3. ஓஎன் 115 என்ற தொடரணியோடு நியூபவுண்ட்லாந்து பக்கமாக வரும்போது மூடுபனி. கப்டன் அலன் ஈஸ்டன். பனிக்குள் ஒரு நீர்மூழ்கியைக் கண்டு ஆழவெடிகளைப் போட்டார்கள். யூ-43 என்ற அந்தப் படகு மோசமாகச் சேதமானது. இன்னொன்று, யூ-552, கிட்டத்தில் திடீரென்று தென்பட்டது. பீரங்கிக் குண்டு அதன் மேல் பட்டது. இரண்டும் தாண்டுபோயிருக்கும் என்றே கப்பலில் நம்பினார்கள். யுத்தம் முடிந்து ஜேர்மன் பதிவுகளைப் பார்த்தபோதுதான் இரண்டும் தட்டுத்தடுமாறி வீடு போய்ச் சேர்ந்தது தெரிந்தது.

மகனே, உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. அடிபட்டு ஓடிய நீர்மூழ்கி அந்தத் தொடரணியைத் திரும்ப வந்து தாக்கவில்லை. காவல்காரனின் வேலை கொல்வதல்ல, கூட வருபவனைக் கரை சேர்ப்பது. கரை சேர்ந்தவனை யாரும் எண்ணுவதில்லை. பள்ளிக்கூட வாசலில் வீதியைக் கடக்க உதவும் மனிதர் இந்த வருடம் எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்று கேட்டால் அவரிடம் என்ன எண்ணிக்கை இருக்கும்?

இதற்காக அந்த வேலை சுத்தமான வேலை என்று சொல்ல வரவில்லை. மனதைப் பிசையும் கட்டளைகள் அவர்களுக்கு இருந்தன. நீர்மூழ்கி பக்கத்தில் இருக்கும்போது தண்ணீரில் தத்தளிப்பவனைத் தூக்க கப்பலை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அதுவே இலக்காகிவிடும். 1943 செப்டெம்பரில் சாக்வில் இருந்த காவல் குழுவிலேயே இது நடந்தது. 'சென் குரோய்' என்ற கனடா டிஸ்ட்ரோயர் 20ஆம் திகதி தாக்கப்பட்டது. உதவிக்குப் போன 'பொலியந்தஸ்' என்ற கொர்வெட்டும் போனது. சென் குரோயிலிருந்து தப்பிய எண்பது பேரளவில் மணிக்கணக்காகத் தண்ணீரில் கிடந்து, அடுத்த நாள் 'இச்சன்' என்ற கப்பலால் தூக்கப்பட்டார்கள். இரண்டு இரவு கழிந்து இச்சனும் தாக்கப்பட்டது. மூன்று கப்பல்களின் ஆட்களும் இருந்த அந்தக் கப்பலிலிருந்து உயிர் தப்பியவர்கள் மூன்றே பேர். சென் குரோயின் ஆட்களில் ஒருவர் மட்டும்.

ஜேர்மன் பக்கமும் இதே கதைதான். நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை. அவர்களுக்கும் உம்மாமார் இருந்தார்கள்.

அதே 1943 சண்டையில் மிக அருகில் நடந்த வெடிப்பொன்றில் சாக்வில்லின் கொதிகலனும் அடிபட்டது. 1944இல் அது முற்றாகக் கோளாறு காட்ட, காவல் வேலையிலிருந்து எடுத்துப் பயிற்சிக்கும் கேபிள் போடுவதற்கும் விட்டார்கள். இதுதான் அதன் அதிர்ஷ்டம் என்று சொல்லவேண்டும். யுத்தம் முடிந்ததும் நல்ல நிலையில் இருந்த கொர்வெட்கள் இரும்புக் கடைக்கும் வெளிநாட்டுக்கும் விலை போயின. நொண்டியான சாக்வில் கடல் ஆராய்ச்சிக் கப்பலாக 1982 வரை உழைத்தது. கனடா கட்டி ஓட்டிய 120க்கும் மேற்பட்ட கொர்வெட்களில், ஏன் அந்த வகைக் கப்பல்கள் அனைத்திலுமே, மிஞ்சியது இது ஒன்றுதான். 1985இல் அதைக் கனடாவின் கடற்படை நினைவுச் சின்னமாக்கினார்கள். ஒவ்வொரு மே மாதத்தின் முதல் ஞாயிறும் அத்திலாந்திக் போர் நினைவு தினம். அன்று, மறைந்த பழைய மாலுமிகளின் அஸ்தியைக் கடலில் சேர்க்கும் சடங்குக்குச் சாக்வில்தான் போய் வந்தது.

கனடாக்காரரை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அவர்களுடைய வணிகக் கப்பல் மாலுமிகள் 1,600 பேருக்கு மேல் கடலில் மரணித்தார்கள். தப்பி வந்தவர்களுக்கு மற்றப் படைவீரர்களுக்குக் கிடைத்த காணி, கல்வி, ஓய்வூதியச் சலுகைகள் கிடைக்கவில்லை, நீங்கள் படையினரல்ல, ஊழியர்கள் என்றார்கள். 1992இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகும் நட்டஈட்டுக்காக 1998இல் எழுபது எண்பது வயது கிழவர்கள் ஒட்டாவா பாராளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2000இல் பணம் அறிவிக்கப்பட்டபோது எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். காவல் நின்ற கப்பலுக்கு நினைவுச் சின்னம், காவலுக்குள் வந்தவனுக்கு ஐம்பது வருட இழுத்தடிப்பு. இது நியாயமல்ல என்பதே நம் கருத்து. லஸ்கர்களின் கதை இன்னும் மோசம். சிட்டகொங்கிலும் பம்பாயிலும் ஒரே பட்டியலின் இரண்டு பிரதிகளாக வைக்கப்பட்டுள்ள புத்தகத்தில் சுமார் 6,500 கடலோடிகளின் பெயர்கள் இருக்கின்றன. போய்ப் புரட்டிப் பார்ப்பவர் எத்தனை பேரோ.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1942 ஏப்ரல் 4இல் ஜப்பானியக் கடற்படை நம் தீவை நோக்கி வருவதைக் கண்டு அறிவித்தவர் கொக்கலையிலிருந்து பறந்த லெனர்ட் பேர்ச்சல் என்ற கனடா விமானி. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 9இல், மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தாட்டப்பட்டது. அது நம் எல்லோருக்கும் தெரியும், சுழியோடிகள் இன்றும் போகிறார்கள். ஆனால் அதே நாள் அதே கடலில் 'ஹொலிஹொக்' என்ற சின்னக் கப்பலும் தாண்டது. 'அதெல்ஸ்டோன்' என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் போன கொர்வெட் அது. சாக்வில்லின் அதே வகை, அதே அச்சு. ஹலிபக்ஸில் தங்கை கயிறு கட்டி நிற்கிறாள், அக்கா நம் தோணிகள் போய்வரும் கடலுக்கடியில் கிடக்கிறாள். காவல் நின்ற எண்ணெய்க் கப்பலும் அன்றே தாண்டது.

வகுப்பில் இதைச் சொன்னபோது அந்த மகன் சிரிக்கவில்லை. அவருடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். "வாப்பாட்ட கேட்டுப் பாக்கன் சேர்" என்றார். அடுத்த நாள் வந்து, வலை சிக்கும் இடங்களுக்குப் பழைய ஆட்கள் வைத்திருக்கும் பெயர்கள் சிலவற்றைச் சொன்னார். எழுதி வைத்திருக்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அப்பாவோ மூத்தப்பாவோ அந்த யுத்த காலத்தில் கப்பல் வேலைக்குப் போயிருந்தால், பழைய மாலுமிப் புத்தகமோ படமோ பெட்டிக்குள் கிடந்தால், அல்லது 1942 குண்டு விழுந்த நாளைப் பற்றிப் பெரியவர்கள் சொன்ன ஒரு வரி ஞாபகம் இருந்தால், கீழே எழுதுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வருகிறோம். பொருளை எடுத்துப் போகமாட்டோம், படம் மட்டும் எடுத்துக்கொள்வோம். தொண்ணூறைத் தாண்டிய உம்மம்மாமார் இருக்கும் வீடுகளுக்கு முதலில்.