ஒற்றை எண்ணின் பொய்

இணையவழிக் கார்ப் பந்தய விளையாட்டுகளில் வெல்லும் காரையே தேடி எடுப்பவரைக் குறுக்குவழிக்காரர் என்று பழிப்பது வழக்கமாகிவிட்டது. பழி இடம் மாறி விழுகிறது.

‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ (2021) ஒவ்வொரு காருக்கும் ஒரு செயல்திறன் குறியீட்டெண்ணை வழங்குகிறது. 701 முதல் 800 வரை ‘ஏ’ வகுப்பு. முடுக்கம், உச்ச வேகம், வளைவில் பிடிப்பு, நிறுத்தும் திறன் எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. ஓடுதளங்களோ அப்பண்புகளை ஒரே விகிதத்தில் கேட்பதில்லை. நீண்ட நேர்ப்பாதையில் எஞ்சின் ஆற்றல் வெல்லும். நெருங்கிய வளைவுகளில் குறைந்த எடையும் டயர்ப் பிடிப்பும் வெல்லும். ஆகவே 800 என்ற ஒரே எண்ணைத் தாங்கிய இரு கார்கள் எல்லாத் தளங்களிலும் சமமாக இருக்க இயலாது. எண் குறைத்து மதிப்பிட்ட பண்பைக் கண்டுகொள்பவர் முந்துகிறார். அது ஏமாற்று அன்று, வாசிப்பு.

நேரப்பட்டியலின் முதற்காரைக் கண்மூடி எடுப்போர் அவ்வாசிப்பைச் செய்வதில்லை. பட்டியல் அளப்பது ஒரு சுற்றின் வேகத்தை. டயர்த் தேய்மானமும் எரிபொருளும் கணக்கில் வரும் ‘கிரான் டூரிஸ்மோ 7’ பந்தயத்தில் அதே கார் பின்தங்கக்கூடும். நிஜ ஜிடி3 பந்தயங்களிலும் கார்களின் எடையும் ஆற்றலும் மீண்டும் மீண்டும் திருத்தப்படுகின்றன. சமநிலை அங்கும் முடிந்த முடிபு அன்று.

அளவுகோல் இலக்கானால் அளக்கும் தகுதியை இழக்கும் என்பது குட்ஹார்ட் விதியின் சாரம். மேற்கோள் எண்ணிக்கையால் ஆய்வாளரை எடைபோடும் கல்விப்புலத்துக்கு, விளையாட்டாளரைப் பழிக்க என்ன உரிமை?