வலையில் இட்டால் போதுமா?

சட்டமோ விதியோ இயற்றுமுன், அதன் வரைவை வெளியிட்டுக் குறைந்தது 30 நாள் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என 2014-இல் மத்திய அரசு முடிவு செய்தது. இன்று வரைவுகள் இணையத்தில் வருகின்றன; வீட்டிலிருந்தே நம் எண்ணத்தை எழுதியனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த மொழியில்?

2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. எந்தத் தொழிலுக்கு ஊராரைக் கேட்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது! ஜூன் 30-இல் டில்லி உயர்நீதிமன்றம், எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் அதை வெளியிட ஆணையிட்டது. கெடுவையும் ஆகஸ்டு 11 வரை நீட்டித்தது.

விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அச்சில் வார்த்துப் பொம்மை செய்யும் தாய்மாருக்குச் சூளைப் புகையைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. கையில் கைப்பேசியும் உண்டு. ஆங்கில வரைவைத் திறந்து அவர்கள் என்ன செய்வார்கள்? எங்களுக்கே முதற்பக்கம் தாண்டவில்லை (அகராதியோடுதான்!).

தமிழ் வரைவு வெளியாகும் நாளிலிருந்தே 30 நாளை எண்ண வேண்டும் என்கிறோம். எழுதத் தெரியாதவர் பேசிப் பதிவு செய்யவும் வழி வேண்டும். அதுவரை படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். அம்மா சொல்லச் சொல்ல எழுதவும் இருக்கிறோம்.