தைராய்டு நோய்க்கு மாற்றுத்திறனாளி சலுகை கிடைக்குமா? பட்டியலுக்கும் 40 சதவீதத்துக்கும் இடையே சிக்கும் நாட்பட்ட நோயாளிகள்

வாஷி: தைராய்டு கோளாறு, முதல் வகை நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்களுடன் வாழ்வோர் அரசின் மாற்றுத்திறனாளி சலுகைகளைக் கோர முடியுமா? சட்டத்தின் அட்டவணையை மட்டும் பார்த்தால் 'முடியாது' என்பதே பதில். அதே சட்டத்தின் வரையறைப் பிரிவையும் உச்ச நீதிமன்றத்தின் அண்மைக்காலத் தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், பதில் அவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை. உதவித்தொகையும் இடஒதுக்கீடும் ஒரு கணக்கின்படி வழங்கப்படுகின்றன. பணியிடத்திலும் தேர்வறையிலும் கேட்டுப் பெறக்கூடிய வசதிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இந்த வேறுபாட்டை அறியாததால், கிடைக்காததைக் கேட்டு அலைவோரும் கிடைக்கக்கூடியதைக் கேட்காமலே விடுவோரும் ஏராளம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆக உயர்ந்தன. நாட்பட்ட நோய்களுக்கு இதில் இடமே இல்லை என்று கூற இயலாது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய 3 ரத்தக் கோளாறுகளும், பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகிய நரம்பு நோய்களும் அட்டவணையில் உள்ளன. ஆனால் நாளமில்லாச் சுரப்பிகளின் நோய் ஒன்றுகூட இல்லை. புதிய வகைகளை அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது.

அட்டவணையில் இடம்பெற்றிருந்தாலும் அடுத்த தடை 40 சதவீதம். அரசு வேலைகளில் 4 சதவீத ஒதுக்கீடும், உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீடும் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கே உரியவை. ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் மருத்துவர்கள் அவற்றை ஒரு சூத்திரத்தின்படி சேர்த்துக் கணக்கிடுவர். அந்தக் கணக்கில் சேர்வதும் அட்டவணைக் குறைபாடுகள் மட்டுமே. 30 சதவீதப் பார்வைக் குறைபாட்டுடன் தைராய்டு நோயால் வரும் ஓயாத சோர்வும் தசைவலியும் உள்ள ஒருவருக்குச் சான்றிதழில் 30 என்றே எழுதப்படும்.

எனினும், தைராய்டு நோய் வேறு பெயர்களில் அட்டவணைக்குள் நுழைவதுண்டு. பிறவியிலேயே சுரப்பு குறைந்த குழந்தைக்கு உரிய காலத்தில் மருந்து தொடங்கப்படாவிட்டால் அறிவுசார் வளர்ச்சி பாதிக்கப்படும். அந்தக் குறைபாடு பட்டியலில் உண்டு. சுரப்பு மிகுந்தவர்களில் சிலருக்குக் கண் நரம்பு அழுத்தப்பட்டுப் பார்வை குன்றுகிறது. குறைபார்வையும் பட்டியலில் உண்டு. தைராய்டு அறுவை சிகிச்சையில் குரல்வளை நரம்பு சேதமடைந்து குரல் நிரந்தரமாகக் கெட்டுப்போனால், பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டின் கீழ் மதிப்பீடு கோரலாம். நோயின் பெயருக்குச் சான்று கிடைப்பதில்லை. நோய் விட்டுச் சென்ற நிரந்தரச் சேதத்துக்கே கிடைக்கிறது. விண்ணப்பிக்கும்போது எந்தப் பிரிவு மருத்துவரிடம் மதிப்பீடு கேட்பது என்பதையே இது மாற்றிவிடும். மேற்கண்ட நிலைகளில் குழந்தைகள் நலம், கண், காது-மூக்கு-தொண்டைப் பிரிவுகளையே அணுக வேண்டும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் அறிக்கை துணை ஆவணமாகவே அமையும்.

தைராய்டு கோளாறை அப்படியே 22-ஆவது வகையாகச் சேர்த்துவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. சென்னை, மும்பை உள்ளிட்ட 8 நகரங்களில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 10.95 சதவீதத்தினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதாகக் கண்டறிந்தது. பத்தில் ஒருவர் என்னும் அளவு இது. இவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் ஒரு மாத்திரையுடன் இயல்பாக வாழ்கின்றனர். நோயின் பெயரை மட்டும் வைத்து அனைவரையும் பட்டியலில் சேர்த்தால், உண்மையில் முடங்கிப் போனவர்களின் பங்கே குறையும். ஆகவே அட்டவணையை நீட்டுவது இந்தச் சிக்கலுக்குச் சரியான தீர்வாகத் தோன்றவில்லை. மாத்திரை எடுத்தும் எழுந்து நடமாட முடியாத அந்தச் சிறுபான்மையினரை அடையாளம் காணும் வழி நம் அளவீட்டு முறையில் இல்லை என்பதே குறை. ஒரு வாரம் நன்றாகவும் மறுவாரம் படுக்கையிலும் கழியும் உடல்நிலையை, ஒரு நாள் பரிசோதனையில் எழுதப்படும் சதவீதம் எப்படிக் காட்டும்?

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் துறை இதே சிக்கலை எதிர்கொண்டது. பெரியவர்களுக்கான நாளமில்லாச் சுரப்பி நோய்களின் தனிப்பட்டியலை அது 2011 ஜூனில் நீக்கிவிட்டது. தைராய்டு நோயாளி விண்ணப்பித்தால் இதயம், நரம்பு, மனநலம் ஆகியவற்றில் அந்நோய் உண்டாக்கிய பாதிப்பு அங்கு ஆராயப்படுகிறது. அப்படியும் பொருந்தாவிட்டால், அவரால் எவ்வளவு நேரம் உட்காரவும் நிற்கவும் கவனம் செலுத்தவும் இயலும் என்பதைக் கணக்கிட்டு முடிவெடுக்கின்றனர். பட்டியல் போனாலும் கேள்வி எஞ்சியது. நம் நாட்டில் அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கும் மேசையே இல்லை.

மகாராஷ்டிரத்தில் வாழும் தமிழர்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய மாநிலத் திட்டம், சஞ்சய் காந்தி நிராதார் அனுதான் யோஜனா. 'நிராதார்' என்றால் ஆதரவற்றவர். மாற்றுத்திறனாளிகளுடன் காசநோய், புற்றுநோய், எய்ட்ஸ், தொழுநோய் போன்ற கடும் நோய்களால் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர்களுக்கும் இது மாத உதவி வழங்குகிறது. 2023-இல் 1,500 ரூபாயாக்கப்பட்ட இத்தொகை, மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 2,500 ரூபாயாக உயர்த்தப்படும் என 2025 செப்டம்பரில் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. இதைப் பெற 15 ஆண்டுகள் மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு 50,000 ரூபாய். ஆண்டுக்கு 21,000 என்றால் நாளொன்றுக்கு 58 ரூபாய்கூட இல்லை. தாராவியின் தையல் கூடங்களிலோ வாஷி மொத்தச் சந்தையிலோ சில மாதம் சுமை தூக்கியவர்கூட இந்த வரம்பைத் தாண்டிவிடுவார்.

விந்தை என்னவெனில், இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் காப்பீட்டின் ஊதிய வரம்பும் 2017-இல் அதே 21,000 ரூபாயாகத்தான் நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் அது மாதக் கணக்கு. வாஷியில் மருத்துவமனையும் உள்ள இத்திட்டத்தில், காப்பீடு பெற்ற தொழிலாளி எந்த நோய்க்கும் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் பெறலாம். சான்றளித்த மருத்துவர் விடுப்புப் பரிந்துரைத்தால் தைராய்டு நோயாளிக்கும் இது உண்டு. 2 ஆண்டு வரை 80 சதவீத ஊதியம் தரும் நீட்டிக்கப்பட்ட உதவியோ 34 நோய்களுக்கு மட்டுமே உரியது. அதில் நாளமில்லாச் சுரப்பித் தலைப்பின் கீழ், சிக்கல்கள் முற்றிய நீரிழிவு மட்டுமே இடம்பெற்றுள்ளது. பதிவேடு இல்லாத கூடங்களில் வேலை செய்வோருக்கு இதுவும் எட்டாது.

தைராய்டு புற்றுநோய்க்கு நிலைமை வேறு. புற்றுநோய் என்ற ஒரு சொல்லே பல கதவுகளைத் திறக்கிறது. ரயில் கட்டணச் சலுகை உண்டு. மும்பை புறநகர் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் பயணிக்கலாம். பரேலில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையம் தைராய்டு புற்றுநோய்க்கும் சுரப்பு மிகுந்த பிற தைராய்டு நோய்களுக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சை அளிக்கிறது. வாஷியிலிருந்து அங்கு செல்லும் இருவகை நோயாளிகளில் ஒருவருக்கு மட்டும் அந்தப் பெட்டியில் இடமுண்டு.

பணமல்லாத உரிமைகளில்தான் நாட்பட்ட நோயாளிகளுக்குச் சற்று இடம் கிடைத்துள்ளது. சட்டத்தின் 2(எஸ்) பிரிவு மாற்றுத்திறனாளியை வரையறுக்கும்போது நோய்ப்பட்டியலையோ சதவீதத்தையோ குறிப்பிடவில்லை. நீண்டகாலக் குறைபாடு உள்ள ஒருவர், சூழலின் தடைகளால் பிறருக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்க இயலாமல் போவதையே அது அளவுகோலாகக் கொள்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உடைய விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வில் தமக்கு எழுத்தர் வேண்டும் என்று தொடுத்த வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக இந்த வசதியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனத்துக்கு எதிரான குல்ஷன் குமார் வழக்கிலும் 2025 பிப்ரவரியில் அதே நிலைப்பாடு உறுதியானது.

இரண்டும் கை சார்ந்த நரம்புக் கோளாறுகள். தைராய்டு நோயாளி எவருக்கும் இவை தாமாகப் பொருந்திவிடா. ஆயினும் தடை எங்கே உள்ளது, எந்த வசதி அதை நீக்கும் என்று காட்டினால் போதும் என்னும் வாதத்துக்கு இவை வலுச்சேர்க்கின்றன. முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர்கள் சர்க்கரை மாத்திரையும் சிற்றுண்டியும் தேர்வறைக்குள் கொண்டுசெல்ல சிபிஎஸ்இ 2017-இல் அனுமதி அளித்தபோதும், அட்டவணையில் அந்த நோய் இருக்கவில்லை. தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 21-ஆவது பிரிவு கூறுகிறது. வாஷியின் அலுவலகக் கட்டடங்களில் பணிபுரிவோர் வேலை நேர மாற்றமோ இரவுப்பணி விலக்கோ கேட்கும்போது இந்தக் கொள்கையையே முதலில் கேட்டு வாங்க வேண்டும். மறுக்கப்பட்டால் புணேவில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

இதற்கு மருத்துவச் சான்று எழுதப்படும் விதம் முக்கியம். 'ஹைப்போதைராய்டிசம்' என்ற ஒற்றைச் சொல் எந்த அலுவலகத்தையும் அசைக்காது. தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலை செய்ய முடிகிறது, மாதத்தில் எத்தனை நாள் முடிவதில்லை, எவ்வளவு காலமாக இப்படி என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

அட்டவணைக் குறைபாடு உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டைக்கு, யுடிஐடி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி சான்றிதழ் வழங்க மருத்துவ அதிகாரிகளுக்கு 3 மாதம் அவகாசம் உண்டு. மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையெனில் மேல்முறையீடு செய்யலாம். 80 சதவீதமும் அதற்கு மேலும் நீல அட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள் அட்டை. 40-க்குக் கீழ் வந்தால் விண்ணப்பம் வீணாயிற்று என்று பலரும் எண்ணுகின்றனர். அவர்களுக்கும் வெள்ளை அட்டை ஒன்று உண்டு. அதைக் காட்டி ஓய்வூதியம் பெற முடியாது. தேர்வறையிலும் பணியிடத்திலும் வசதி கேட்க அதைக் காட்டலாம்.