தள்ளாடாத குடிநோயாளி

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, குடிநோயாளி என்றதும் தெருவோரம் விழுந்து கிடக்கும் கூலித் தொழிலாளிதான் நம் மனக்கண்ணில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டையுடன் அலுவலகம் போய், மாதம் தவறாமல் பிள்ளைகளின் கட்டணம் கட்டி, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பவர் அந்தப் படத்தில் இல்லை.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் 5.7 கோடிக்கும் அதிகம் என்றது. இத்தனை பேரும் வேலையிழந்து வீதிக்கு வந்தவர்களா என்ன?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. ஓராண்டுக்குள் இரண்டு இருந்தாலே நோய். ஆறோ அதற்கு மேலோ இருந்தால் கடுமையானது. வேலை போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, குடிக்காத நாளில் கை நடுங்குவது ஆகியவை போதும். "எவ்வளவு குடித்தாலும் நிதானமாக இருப்பார்" என்று சிலர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். உடல் அந்த அளவுக்குப் பழகிவிட்டது என்பதுதான் அதன் பொருள். அதுவும் அந்த 11இல் ஒன்று. கல்லீரல் பரிசோதனை சரியாக வந்ததும் விடுதலைப் பத்திரம் ஆகாது.

நம் வீடுகளில் சிக்கல் வேறு விதம். மருத்துவர் "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்கிறார். "இல்லை டாக்டர், நாங்கள் முஸ்லிம்கள்" என்கிறார் மனைவி. ஜமாஅத்துக்குத் தெரிந்தால் மகளின் நிக்காஹ் என்னாகும் என்ற அச்சம் அவருக்கு. மருத்துவரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். வேறு ஏதோ அறுவை சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட அதே மனிதருக்கு, மது கிடைக்காத இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்போ மனக்குழப்பமோ வரலாம், உயிரே போகலாம். காரணம் அங்கிருக்கும் யாருக்கும் தெரியாது.

ஆலிம்களாகிய நம் மீதும் குறை உண்டு. தவ்பா செய்யவைத்து, இன்றோடு விட்டுவிடு என்று சத்தியம் வாங்கி அனுப்புகிறோம். ஹராம் ஹராம்தான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் மருத்துவ மேற்பார்வையின்றி ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்தானது. தவ்பாவுக்கு வருகிறவரிடம் தினமும் எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டு, அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு. ஜமாஅத்தில் எவருக்கும் தெரிய வேண்டியதில்லை.