22 வருட மெக்கானிக்குக்குக் கேட்டடியில் ஒரு கதிரை



பதுளையில் அண்மையில் நடந்த தொழிற்சந்தையில் ‘முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை’ என்று பெரிதாகப் பதாகை கட்டியிருந்தது ஒரு நிறுவனம். அதன் மேசைக்கு முன்னால் ஓய்வுபெற்ற கோப்ரல் ஒருவர் போய் நின்றார். 22 வருடம் இராணுவ வாகனப் பட்டறையில் இருந்தவர். லொறி எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார். ஜெனரேட்டர், கியர்பெட்டி எல்லாம் அவருக்கு அத்துப்படி. மேசையிலிருந்த இளைஞர் அவர் நீட்டிய கோப்பைத் திறக்கவேயில்லை. ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “காவல் வேலைக்கு இரவு ஷிஃப்ட் செய்வீர்களா?” என்று கேட்டார். அத்துடன் நேர்முகம் முடிந்தது.

முன்னுரிமை என்பது இதுதான் போலும்: கேட்டடிக் கதிரையில் மற்றவர்களுக்கு முன்னால் உட்காரலாம்!

மெக்கானிக் வேலை ஏதும் உண்டா என்று கோப்ரல் கேட்டார். உண்டு, அதே நிறுவனத்தின் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் அதற்கு என்.வி.கியூ. சான்றிதழ் வேண்டுமாம். ஆள் சேர்க்க வந்தவருக்கு அந்தச் சான்றிதழைப் பற்றியே சரியாகத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. தேசிய தொழிற்தகைமை என்பது வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. வேலை செய்தே தொழில் கற்றவரைச் சோதித்து, முன் அனுபவத்தை ஏற்றுத் தகைமை வழங்கும் வழியும் அதில் உண்டு. நைட்டா என்று நாமெல்லாம் அழைக்கும் அரச நிறுவனம் அந்த மதிப்பீட்டைச் செய்கிறது. பதாகை அடிக்கக் காசு இருந்தவர்களுக்கு, ஒரு மதிப்பீட்டாளரைக் கூட அழைத்துவரத் தோன்றவில்லையா? வேலையில் சேர்த்துக்கொண்டு, சில மாதங்களில் சான்றிதழை எடுத்துக்கொள்ளச் சொன்னால் கம்பனி மூழ்கிவிடுமா?

படையிலிருந்து வருகிறவர் துப்பாக்கி பிடிக்கத்தான் தெரிந்தவர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ! தென்னாபிரிக்க பஃபல் கவச வாகனத்தின் வழியில் யுனிபஃபலை உள்நாட்டிலேயே கட்டியது இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவு. படைக்குள் தாதியர் வேலை, தொலைத்தொடர்பு, களஞ்சியம், சமையல், கட்டடம் என்று எத்தனை தொழில்! ஊவா மக்களுக்கு இதை யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது, சேற்றில் இறங்கித் தேடியவர்களில் படையினரும் இருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையே உலுக்கியபோதும் வந்தார்கள். பெக்கோ ஓட்டத் தெரிந்தவர்கள் அன்று தேவைப்பட்டார்கள். இன்று அதே ஆட்கள் தொழிற்சந்தைக்கு வந்தால், காவலாளிச் சீருடைக்கு இடுப்பளவு எடுக்கிறார்கள்.

தேயிலை ஸ்டோர்களின் நிலையையும் பாருங்கள். ரோலர் நின்றால், டிரையர் மக்கர் பண்ணினால், பிட்டர் வரும்வரை டீமேக்கர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், கொழுந்து காத்திருக்காது. தியத்தலாவை முகாமோ கூப்பிடு தூரத்தில். ஓய்வுபெறப் போகிறவர்களின் தொழில் விபரத்தைக் கேட்டு, அங்கே ஒரு கடிதம் போட எந்தத் துரைக்கும் மனம் வரவில்லை. தொழிற்சந்தை மேசையில் ஸ்டோர் பிட்டர் ஒருவரை உட்கார வைத்திருந்தால், கோப்ரலின் கைத்திறனைப் பத்து நிமிடத்தில் கண்டுகொண்டிருப்பார்.

“அவர்களுக்குத்தான் ஓய்வூதியம் இருக்கிறதே” என்பார்கள் சிலர். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தவர் 22 வருடம் முடித்து வரும்போது நாற்பதைத் தொட்டிருப்பார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். இன்றைய விலைவாசியில் அந்தப் பணம் எதற்குப் போதும்? “தோட்டத்துப் பிள்ளைகளுக்கே வேலையில்லை, இராணுவத்துக்காரருக்கு ஏன் பரிந்து பேச வேண்டும்?” என்பது இன்னொரு கேள்வி. அதே மேசையில் தோட்டத்து இளைஞர்களுக்கு நீட்டப்பட்டதும் காவல் வேலைதான். அதுவும் தனிச் சிங்களப் படிவத்தில். அதை அவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தவரே அந்தக் கோப்ரல்தான். பண்டாரவளை, ஹப்புத்தளை போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகத்துக்கெனப் பிரகடனமாகி கால் நூற்றாண்டு ஆகிறது. தனியாருக்கு அது பொருந்தாதாம். தொழிற்சந்தை நடந்த மண்டபமும் மேசையும் மக்கள் பணத்தில் வந்தவையல்லவா?

அரசாங்கம் மட்டும் என்ன கிழித்தது? படைவீரர் நலனுக்கான ரணவிரு சேவா அதிகாரசபை 1999இல் வந்தது. 2006இல் பாதுகாப்பு அமைச்சு ரக்ன ஆரக்ஷக லங்கா என்று ஒரு கம்பனியே தொடங்கியது. அதுவும் முன்னாள் படையினருக்குக் கண்டுபிடித்த பெரிய தொழில் காவல்தான்! 2023 ஜனவரியில், 200,783 ஆக இருந்த இராணுவ ஆளணி 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப்படும் என்று அறிவித்தார்கள். வெளியே வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று யாராவது யோசித்தார்களா? ரஷ்ய, உக்ரைன் போர்முனைக்கு ஆள் பிடித்த தரகர்கள் யோசித்தார்கள். பெரிய சம்பளம் என்று சொல்லி, ஓய்வுபெற்ற சிப்பாய்களைக் கூட்டிப்போனார்கள். குறைந்தது 16 இலங்கையர் அங்கே மாண்டதாக 2024 மே மாதம் அரசாங்கமே சொன்னது. வீட்டுக்கே தேடிப்போய்ப் பேசிய அந்தத் தரகர்களுக்கு இருந்த அக்கறையில் பாதிகூட நமது முதலாளிமாருக்கு இல்லை.

அமெரிக்காவில் ஒருவரின் படைப்பணிக் குறியீட்டைக் கொடுத்தால், அதற்கு நிகரான சிவில் தொழில்களைக் காட்டும் பட்டியலை அரசே வைத்திருக்கிறது. இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடுத்த தொழிற்சந்தையில் படைவீரர் பதாகை கட்ட விரும்பும் நிறுவனம், காவல் தவிர்ந்த வேறு எந்தப் பதவிக்கு அவர்களை எடுக்கிறது, சம்பளம் எவ்வளவு, யார் சோதிப்பார் என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் முன்கூட்டியே எழுதித் தரட்டும். தராத கம்பனிக்கு ஏற்பாட்டாளர்கள் மேசை கொடுக்கக்கூடாது. அதிதிகளுக்கு மாலை போடும் நேரத்தில் பாதியை ஒதுக்கினாலே இதைச் சரிபார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
பசறை வாசகர்