விமானமும் வீதியே

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் மாலைவேளையில் நிற்பவர் நாள்தோறும் ஒரே காட்சியைக் காண்பர். யாழ்ப்பாணம் செல்லும் இரவுப் பேருந்துகளை எதிர்பார்த்துப் பயணப்பைகளோடு ஒரு கூட்டம் காத்திருக்கும். கொழும்பில் சிகிச்சை முடித்துத் திரும்பும் முதியவர் அதில் இருப்பார். செத்தவீட்டுக்கு விரையும் மகள் இருப்பாள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மாணவனும் இருப்பான். அவர்கள் நிற்கும் இடத்துக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தொலைவில் இரத்மலானை விமான நிலையம் இருக்கின்றது. அங்கிருந்து பலாலிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்பு. பேருந்துக்கோ ஓர் இரவு முழுவதும் வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தைச் செல்வந்தரின் சொகுசு என்று ஒதுக்கிவிடும் மனப்பான்மை எம்மிடையே, பல்கலைக்கழக வளாகத்திலுங்கூட, வேரூன்றியுள்ளது. அதனை மறுக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1947 டிசெம்பர் 10 ஆம் நாள், நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்னரே, எயார் சிலோனின் முதலாவது டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. அது சென்றது காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. இலண்டனுக்குப் பறக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னரே அந்நிறுவனம் யாழ்ப்பாணத்துக்குப் பறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அன்று எவரும் அதனை வீண் ஆடம்பரம் என்று எள்ளியதாகத் தெரியவில்லை.

பின்னர் போர் வந்தது. 1990 இல் யாழ்தேவி நின்றது; ஏ-9 வீதி மூடுண்டது. குடாநாடு நிலவியலிற் குடாநாடாகவும் வாழ்க்கையில் ஒரு தீவாகவும் ஆயிற்று. அக்காலத்தில் விமானம் யாருக்குச் சொகுசு? 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அந்தப் பழைய அன்ரனோவ் விமானத்தில் அவர்கள் ஏறியது உல்லாசப் பயணத்துக்காக அன்று. அவர்களுக்குத் தரைவழி இருக்கவில்லை. 2002 இல் திறந்த வீதி 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டது. மறு ஆண்டு என் அம்மம்மா யாழ்ப்பாணத்திற் காலமானார். வெள்ளவத்தையிலிருந்த என் தாயாருக்குப் பாதுகாப்பு அனுமதியும் விமான ஆசனமும் ஒருங்கே கிடைத்தபோது எட்டுச் செலவும் முடிந்திருந்தது. பயணச்சீட்டுக்காக அடகு வைத்த காப்பு மீளவேயில்லை. நான் அப்போது சிறுபிள்ளை. அந்தக் காப்பைப் பற்றிய பேச்சு மட்டும் எங்கள் வீட்டில் இற்றைவரை ஓயவில்லை.

அது போர்க்காலம், இன்று வீதியும் புகையிரதமும் உண்டே என்பர் சிலர். உண்டு, மறுக்கவில்லை. 2014 ஒக்டோபரில் புகையிரதம் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. ஆனால் 2023 இல் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே, 2024 இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே எனத் திருத்தவேலைக்காக அதே பாதை மாதக்கணக்கில் மூடப்பட்டதையும் அவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு வழியை மாத்திரம் நம்பி வாழ்ந்த சமூகம் பட்டதை நாம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அடுத்த ஆட்சேபம் பணம் பற்றியது. இலாபந் தராத சேவையை அரசு ஏன் தாங்கவேண்டும் என்கின்றனர். இதற்கு விடை தேடித் தூரம் போகவேண்டியதில்லை. ஊர்காவற்றுறைத் துறைமுகம் வரை போனாற் போதும். அங்கிருந்து காரைநகருக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பாதைப்படகு கட்டணமின்றி மக்களை ஏற்றியிறக்கி வந்துள்ளது. கடல் குறுக்கிட்ட இடத்தில் வீதி படகாக மாறுகின்றது என்ற கோட்பாட்டை அரசு தானே ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? படகு வீதியாகலாமாயின் விமானம் ஆகாதது எவ்வாறு?

பசிபிக்கின் பொலினீசியத் தீவுகளில் இது விவாதமேயன்று. எயார் தஹிற்றி என்னும் சிறு நிறுவனம் ஐரோப்பாக் கண்டத்தளவு விரிந்த கடலிற் சிதறிக் கிடக்கும் ஏறக்குறைய 48 தீவுகளைத் தொடுக்கின்றது. சில நூறு பேரே வாழும் பவளத்தீவுக்கும் அது செல்கிறது. அங்கு இலாபம் ஏது? போரா போரா தீவை நாடும் உல்லாசப் பயணிகள் தரும் வருவாய், துவாமோட்டு தீவினரின் பயணத்தைத் தாங்க உதவுகின்றது. அவர்கள் பறப்பது ஏரிஆர் விமானங்களில்; 2019 இல் சென்னையிலிருந்து பலாலிக்கு வந்ததும் அதே இனந்தான். அயலிலுள்ள இந்தியாவோ 2017 இல் உடான் திட்டத்தின் கீழ்ச் சிறு நகரங்களுக்குப் பறக்கும் விமானங்களின் ஆசனங்களிற் பாதியளவுக்கு ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபா என உச்சவரம்பு விதித்து, நட்டத்தை ஈடுசெய்யப் பெருவழித்தடங்களில் வரி அறவிட்டது. கட்டுநாயக்காவிலிருந்து வெளிநாடு பறக்கும் ஒவ்வொரு விமானத்திலும் ஒரு சிறு தொகையை அறவிட்டு இரத்மலானை–பலாலிச் சேவைக்குக் கொடுப்பதில் என்ன தடை? நோயாளருக்கும் மாணவருக்கும் குறைந்த கட்டணத்திற் பாதி ஆசனங்களை ஒதுக்குமாறு விதிப்பதில் என்ன தடை?

எமக்கோ பெயர்ப்பலகை போதுமாயிருக்கின்றது. 2019 ஒக்டோபர் 17 இல், சனாதிபதித் தேர்தலுக்குச் சரியாக முப்பது நாட்கள் இருக்கையில், பலாலி ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ ஆயிற்று. நவம்பரிற் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் நின்றது. மீண்டது 2022 டிசெம்பரில். சென்னைக்கு விமானம் வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆயினும் சென்னைக்குப் பறப்பதைக் கொண்டாடிய எம்மவர், கொழும்புக்கு ஒரு சாதாரண ஆசிரியை தன் சம்பளத்திற் பறக்கக்கூடிய சேவை வேண்டுமென்று உரத்துக் கேட்டதில்லை. விழா மேடையில் மாலை போட்டுக்கொண்டோருள் நம் பட்டதாரிகளும் இருந்தனர், அவர்களேனும் கேட்டிருக்கலாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்த வேண்டும். பலாலி ஓடுபாதையைச் சூழ்ந்துள்ள செம்மண், வலிகாமம் வடக்கு விவசாயிகளின் மண். 1990 இல் அங்கிருந்து பெயர்ந்தோரின் காணிகள் இன்னும் முழுமையாகத் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. சிறு விமானத்துக்குச் சிறு ஓடுபாதை போதும். விமானசேவை கேட்கும் நாம் அதனோடு சேர்த்தே அக்காணிகளையும் கேட்கின்றோம். ஒன்றைத் தந்து மற்றதை மறக்கச் செய்யலாமென்று எவரும் எண்ணவேண்டாம்.